துறைமுகமும் மக்களும் – 17: கோட்டை முற்றத்தில் உருண்ட பந்து

துறைமுக நகரொன்றின் விளையாட்டு மைதானம் எங்கே அமைய வேண்டும் என்பதை அந்நகரின் கோட்டையே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. பீரங்கிகள் போர்முறையை மாற்றியமைத்த பின்னர் ஆசியக் கரைகளில் ஐரோப்பியர் கட்டிய கோட்டைகளின் முன்னால், நெருங்கி வரும் பகைவன் மறைந்து நிற்க மரமோ வீடோ வேலியோ இல்லாதபடி, நெடுந்தொலைவுக்கு நிலம் வெறுமையாக விடப்பட்டது. படைத்துறைப் பொறியாளர் இதனை எஸ்பிளனேடு என்றனர். கோட்டை மதிலிலிருந்து சுடப்படும் குண்டு தடையின்றிச் செல்லவேண்டிய வெட்டவெளி என்பதே அச்சொல்லின் அன்றைய பொருள். குடியிருப்பு அனுமதிக்கப்படாத அந்த நிலத்தில் அமைதிக் காலங்களில் படையினர் அணிவகுத்தனர், குதிரை ஓட்டினர், பின்னர் பந்து விளையாடினர். கோட்டைகள் போர்ப் பயனை இழந்த பின்னும் அந்த வெளி பெருமளவு கட்டடங்களின்றியே எஞ்சியதால், நகர மக்கள் கூடுவதற்கும் விளையாடுவதற்கும் அதுவே இயல்பான இடமாயிற்று.

இந்த ஒழுங்கு எவ்வளவு கண்டிப்பானது என்பதற்குச் சென்னையில் இன்றும் ஒரு சான்று நிற்கிறது. புனித ஜோர்ஜ் கோட்டையின் முன்வெளிக்கு எல்லை வகுத்து, அதற்குள் எவரும் வீடு கட்டலாகாது என்று அறிவிக்க 1773இல் நடப்பட்ட ஆறு தூண்களுள் ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் இருக்கிறது. கல்கத்தாவில் 1757ஆம் ஆண்டுப் பிளாசிப் போருக்குப் பின் வில்லியம் கோட்டை புதிதாக எழுந்தபோது அதன் முன் வெட்டித் திருத்தப்பட்ட பெருவெளியே மைதான் எனப்பட்டது. அந்நிலம் இன்றும் இராணுவத்துக்குரியது. காலியில், கோட்டை வாசலுக்கு எதிரேயிருந்த வெளி முதலில் குதிரைப் பந்தயத் திடலாகவும் பின்னர் உலகறிந்த கிரிக்கெட் அரங்காகவும் மாறியது. யாழ்ப்பாணத்தில் கோட்டையின் முன்னிருந்த வெளியை மக்கள் முற்றவெளி என்றனர். திருகோணமலையிலும் அதே பெயர்தான் வழங்குகிறது. படைத்துறைக்குச் சுடுகளமாக இருந்த நிலத்தை வீட்டு முற்றத்தின் பெயரால் அழைத்த அந்த வழக்கு, இத்தொடரில் இதுவரை வந்த சொற்களுள் மிக நுட்பமானது என்று சொல்லலாம்.

திருகோணமலைக் கோட்டையின் கைமாற்றங்கள் முன்னைய இயல்களில் விரிவாகக் கூறப்பட்டமையால் இங்கு சுருக்கம் போதும். கோணேசர் ஆலயத்தை இடித்துப் போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய அரணை 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்துப் பிடித்து இழந்த பின், 1795இல் அது ஆங்கிலேயர் வசமாகி, 1803இல் இளவரசர் பிரெடரிக்கின் பெயரைப் பெற்றது. இரு மருங்கும் கடல் வளைந்து உள்வாங்கும் முனையொன்றில் கோட்டை அமைந்திருப்பதால், அதற்கும் நகருக்கும் இடைப்பட்ட நிலம் ஒடுங்கியது. ஆகவே இங்குள்ள வெளி கல்கத்தா மைதானைப்போல் பரந்து விரிந்ததன்று. கோட்டைக்குள் இன்றும் படையினர் இருக்கின்றனர். அதன் வாசலிலும் புறத்தேயும் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. கோணேசர் கோயிலுக்குப் போவோர் மான்களையும் காவல் நிலையத்தையும் ஒருங்கே கடந்துதான் மலையேறுகின்றனர்.

உதைபந்தாட்டம், தமிழ்நாட்டார் கால்பந்து என்று வழங்கும் இவ்விளையாட்டு, இங்கிலாந்தில் 1863இல் பொதுவிதிகளைப் பெற்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதைக் கடல் கடந்து கொண்டுசென்றவர்களுள் படைவீரரும் மாலுமிகளும் முதன்மையானவர்கள்; கிரிக்கெட்டைப்போல் நாட்கணக்கான ஓய்வும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டாத இந்த ஆட்டம், சாதாரணச் சிப்பாய்க்கும் கப்பலில் கரி அள்ளுபவனுக்கும் எட்டக்கூடியதாக இருந்தது. சிம்லாவில் 1888இல் தொடங்கிய டியூரண்ட் கிண்ணம் முதலில் படைப்பிரிவுகளுக்கானது. கல்கத்தா மைதானில் அந்தப் படையணிகளின் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த வங்காள இளைஞர் தமக்கெனக் கழகங்கள் அமைத்தனர். அவற்றுள் 1889இல் பிறந்த மோகன் பகான், 1911 ஜூலை 29ஆம் நாள் கிழக்கு யோர்க்ஷயர் படையணியை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொருவரில் ஒருவர் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலுடன் ஆடினர் என்பது அன்று ஊரெல்லாம் பேசப்பட்ட செய்தி. அதே 1911இல் கொழும்பில் ஆளுநர் சேர் ஹென்றி மக்கலம் ஆதரவில் உதைபந்தாட்ட லீக் ஒன்று தொடங்கியது. லீக் என்பது ஒரு பகுதியின் கழகங்கள் யாவும் ஒன்றோடொன்று முறைவைத்து மோதி, புள்ளிகளின் அடிப்படையில் வெற்றியாளரைத் தெரிவு செய்யும் அமைப்பு. இலங்கையில் அச்சொல் போட்டியை மட்டுமன்றிப் போட்டியை நடத்தும் மாவட்டச் சங்கத்தையும் குறிக்கலாயிற்று.

திருகோணமலையின் ஆட்ட வரலாறு துறைமுகத்தின் ஏற்றத்தாழ்வோடு பின்னியது. பிரித்தானியக் கடற்படைத் தலைவர் ஃபிஷரின் சிக்கன நடவடிக்கையால் 1905இல் இங்குள்ள கப்பற் பட்டறை மூடப்பட்டபோது நகரம் வெறிச்சோடியது. முதலாம் உலகப் போருக்குப் பின் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழத் தொடங்கியதும் மாலுமிகளும் தொழிலாளரும் மீண்டும் வந்தனர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின் பிரித்தானியக் கீழைக் கப்பற்படைக்கு இத்துறைமுகம் முதன்மைத் தளங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதும், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் முன்னரே விவரிக்கப்பட்டன. 1944 அளவில் துறைமுகம் போர்க்கப்பல்களால் நிறைந்திருந்தது. கப்பலுக்குக் கப்பல் அணி வைத்திருப்பது அரச கடற்படையின் வழக்கம். மாதக்கணக்கில் இரும்புத் தட்டுகளின்மேல் நின்றவர்களுக்குக் கரையிறங்கியதும் கிடைத்த முதல் மகிழ்ச்சி, ஓடுவதற்கு ஒரு தரைதான்.

தளத்தின் பட்டறைகளிலும் களஞ்சியங்களிலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர், மலையாளிகள் எனப் பல்வகையினரும் எழுத்தராகவும் தச்சராகவும் பொருத்துநராகவும் கூலிகளாகவும் வேலை செய்தனர். நகரச் சிறுவருக்கும் இத்தொழிலாளருக்கும் ஆட்டம் இவ்வழியே பழகியது. அன்றைய பந்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்வது பொருந்தும். தடித்த தோல் துண்டுகளைத் தைத்து உருண்டையாக்கி, அதனுள்ளே பிளாடர் எனப்பட்ட இறப்பர்ப் பையைப் புகுத்தி, காற்றடைத்து, வாயைத் தோல்வாரால் கட்டினர். வாரின் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் உரியும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடை மழையில் தோல் நீரை உறிஞ்சிப் பந்து கல்லாய்க் கனக்கும். மே தொடங்கி வீசும் கச்சான் காற்றிலோ அதே பந்து காய்ந்து, தரைப் பக்கமிருந்து கடலை நோக்கிச் செல்லும் காற்றோடு சேர்ந்து, உயர அடித்தவன் எண்ணிய இடத்தில் விழாது. வெறுங்காலால் ஆடியவர் பந்தைத் தாழ்வாகக் கொடுத்து வாங்கி ஆடப் பழகியமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் பிரான்ஸை எதிர்த்து 1–2 எனத் தோற்ற இந்திய அணியின் ஆட்டமும் இவ்வகையினதே.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோதும் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி தளம் பிரித்தானியரிடமே இருந்தது, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு பேசி முடித்த உடன்பாட்டின்படி 1957 ஒக்டோபரில் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடி மாறிய நாளோடு நகரின் பெரிய தொழில்தருநரும் விலகினார். பட்டறை வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் பல தளர்ந்தன. உதைபந்தாட்டத்துக்கோ இது ஒரு திருப்பம். கடற்படைக்காரர் வகுத்த ஆட்ட நாட்காட்டி போய், ஊரவர் நடத்தும் சுற்றுப்போட்டிகளே நகரின் ஆட்டமாயின. 1939இல் உருவாகி 1952இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவில் சேர்ந்த தேசியச் சங்கத்தின் கீழ், மாவட்ட லீக்குகள் கழகங்களைப் பதிவுசெய்து போட்டிகளை நடத்தும் முறை இங்கும் நிலைபெற்றது.

இந்த இடத்தில் விளையாட்டரங்குக்கும் கழகத்துக்கும் உள்ள உறவை நின்று பார்க்க வேண்டியுள்ளது. இங்கிலாந்தில் கழகமும் அரங்கும் கணவன் மனைவி போன்றவை. லிவர்பூலிலுள்ள ஆன்ஃபீல்ட் அரங்கில் 1884 முதல் ஆடிவந்த எவர்ட்டன் கழகம், நில உரிமையாளர் ஜோன் ஹோல்டிங்கோடு வாடகை பற்றிப் பிணங்கி 1892இல் வெளியேறியது. ஆட அணியின்றி வெறுமையாய்க் கிடந்த அரங்குக்காக ஹோல்டிங் புதிதாக ஒரு கழகத்தை அமைத்தார், அதுவே லிவர்பூல் கழகம். அரங்கொன்று தனக்கெனக் கழகத்தைப் பெற்றெடுத்த இக்கதை திருகோணமலையில் நிகழவில்லை. இங்கே நகரின் இரு முதன்மை அரங்குகளான மெக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும் பொது அரங்குகளாகவே வழங்கிவந்துள்ளன. ஒரே தரையில் இன்று உதைபந்தாட்ட இறுதிப்போட்டி, நாளை பாடசாலை மெய்வல்லுநர் போட்டி, மறுநாள் சுதந்திர தின அணிவகுப்பு. கழகங்களோ தெருவையும் குறிச்சியையும் கோயிலையும் தேவாலயத்தையும் பள்ளிவாசலையும் சுற்றி எழுந்தவை. அவற்றின் சொந்தத் திடல் பெரும்பாலும் கடற்கரை மணல்தான். ஆகவே தாயக அரங்கு என்ற சொல்லுக்கு இங்கே ஆங்கிலப் பொருள் பொருந்தாது. அரங்கு எல்லாருக்கும் தாயகம் என்பதே திருகோணமலையின் வழக்கு, அதை ஒரு குறையாகக் கருதத் தேவையில்லை.

இவ்வழக்கின் மேன்மையைக் கொட்டியாரக் குடாவின் மறுகரையிலிருந்து பார்க்க வேண்டும். திருகோணமலை மாவட்டம் கடலாலும் களப்பாலும் துண்டுபட்டது. மூதூரிலிருந்து நகருக்கு வருவோர் லோஞ்சில் குடாவைக் கடந்தனர். கிண்ணியாவிலிருந்து வருவோர், கிழக்கில் பாதை என்று வழங்கும் மிதவையில் ஏறிக் களப்பைத் தாண்டினர். பாதை என்றால் வாகனங்களையும் மனிதரையும் ஏற்றிக் கம்பியைப் பற்றி இழுத்துச் செல்லும் தட்டையான படகு. பந்தையும் சட்டைகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு, பாதைக்குக் காத்திருந்து, போட்டி முடிந்து கடைசிப் பாதையைத் தவறவிடாமல் ஓடிவருவதும் ஆட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது பாதையின் காலம் முடிந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கணிசமான தொகையில் வாழும் மாவட்டமொன்றில், மூன்று சமூகத்தாரும் ஒரே மத்தியஸ்தரின் ஊதுகுழலுக்குக் கட்டுப்பட்டு நின்ற இடங்கள் அதிகமில்லை. நகரின் பொது அரங்கு அவற்றுள் ஒன்று.

பாடசாலைகளின் பங்கையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும். சுவாமி விபுலாநந்தர் 1920களில் பொறுப்பேற்று நடத்திய இந்துக் கல்லூரியும், இயேசு சபையினர் பணியாற்றிய புனித சூசையப்பர் கல்லூரியும் உடற்பயிற்சியைக் கல்வியின் புறத்தே தள்ளவில்லை. கிழக்கில் விளையாட்டுக்கு உயிர்கொடுத்த அமெரிக்க இயேசு சபையாரின் வரிசையில் முதலிடம் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் அருட்தந்தை ஹரல்ட் வெபருக்குரியது. நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்து 1998இல் மறைந்த அவர் பெயரை மட்டக்களப்பின் விளையாட்டரங்கு தாங்குகிறது. திருகோணமலையில் பயிற்றுவித்த அருட்தந்தை யூஜின் ஹேபேர்ட் 1990 ஓகஸ்டில் ஏறாவூர்ப் பகுதியில் காணாமற் போனார், அவர் திரும்பவேயில்லை.

அப்பெயர் போரின் காலத்துக்கு இட்டுச் செல்கிறது. கோட்டை முன்வெளி சுடுகளமாகவே வகுக்கப்பட்டது என்ற பழைய உண்மை, 1983க்குப் பின் மறுபடி உயிர்பெற்றது. யாழ்ப்பாணத்து முற்றவெளியை அடுத்து அமைந்த துரையப்பா விளையாட்டரங்கே இதற்குக் கொடிய சான்று. நகர முதல்வராயிருந்து 1975 ஜூலை 27ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் பெயரால் அமைந்த அவ்வரங்கு, 1990இல் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது போர்முனையின் நடுவே கிடந்தது. 1999இல் அதைத் திருத்த மண்ணைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. பந்து உருள வேண்டிய தரையின் கீழே புதைக்கப்பட்டவர்கள் கிடந்தனர் என்பதை யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை. இந்திய உதவியால் புதுப்பிக்கப்பட்ட அவ்வரங்கை 2016 ஜூனில் இந்தியப் பிரதமர் மோடியும் அன்றைய சனாதிபதி சிறிசேனவும் திறந்து வைத்தனர். திருகோணமலையில் 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, கடற்கரையில் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இளைஞர் மாலையில் வெளியில் கூடுவதே உயிராபத்தாகிய ஊரில் சுற்றுப்போட்டி நடத்துவது எத்தகையது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத் திடல்களை மணலும் இடிபாடுமாக்கியதும் இக்காலத்தினுள்ளேயே நிகழ்ந்தது. அத்தனைக்கும் நடுவே, ஊரடங்குக்கு முன் முடியும்படி நேரத்தை முன்தள்ளியேனும் கிண்ணத்துக்கு ஆடியவர்களின் விடாப்பிடிக்கு இத்தொடர் தலைவணங்குகிறது.

போருக்குப் பின் அரங்குக்கென ஒரு கழகத்தை உருவாக்கும் முயற்சி புதிய வடிவில் வந்தது. 2018இல் ஐ.பி.சி. தமிழ் ஊடக நிறுவனம் வடக்கு கிழக்கு பிறீமியர் லீக் என்ற பெயரில் 12 அணிகளைக் கொண்ட தொழில்முறைப் போட்டியை நடத்தியது. அதில் இம்மாவட்டத்தின் அணி ரிங்கோ டைட்டன்ஸ். குறிச்சி, கோயில், பாடசாலை என்று பிரிந்திருந்த ஆதரவாளர் முதன்முறையாக மாவட்டத்தின் பெயரால் ஓர் அணியைத் தம்முடையதாகப் பார்த்தனர் என்பது அதன் சிறப்பு. ஆனால் ஊடகமும் முதலீட்டாளரும் மேலிருந்து அமைக்கும் அணி, முதலீடு தளர்ந்தால் தானும் தளரும். மாறாகத் தெருவிலிருந்து எழுந்த கழகம் வறுமையிலும் நிற்கும். தேசிய அளவிலும் நிலைமை உறுதியாக இல்லை: வெளித் தலையீட்டைக் காரணங்காட்டி 2023 ஜனவரி 21ஆம் நாள் இலங்கைச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது, அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிலேதான் தடை நீங்கியது. நிர்வாகிகளின் பிணக்குக்குத் தண்டனை அனுபவித்தவர்கள் அதில் எப்பங்கும் இல்லாத விளையாட்டு வீரர்களே.

திருகோணமலைக்கு இன்று வேண்டியது இன்னோர் அரங்கின் அத்திவாரக் கல் அன்று. இருக்கும் இரு அரங்குகளின் தரையை மழைக்காலத்துக்கு முன் சீராக்கி, நீர் வடியும் கால்வாய்களைத் துப்புரவாக்கி, அரசியற் கூட்டங்களுக்கும் களியாட்டங்களுக்கும் கம்பங்கள் நட்டுத் தரையைக் கெடுக்காமல் காத்து, மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இருந்து வரும் அணிகளுக்கு உரிய நாட்களை முன்கூட்டியே ஒதுக்கினால், ஆட்டம் தானே வளரும். கல்கத்தா மைதானில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் இராணுவத்தின் நிலத்திலேயே நூறாண்டுக்கு மேல் நிலைத்து, தம் கழகமனையை இன்றும் டென்ட், அதாவது கூடாரம், என்றே அழைத்து வருவதைப் பார்க்கும்போது, நிலவுரிமை இல்லாமை கழகங்களுக்குத் தடையாகாது என்பது தெளிவாகிறது.

அரச கடற்படையின் ஆட்டங்கள் அதன் ஏடுகளிலும் கப்பற் செய்திமடல்களிலும் பதிவாகியிருக்க, தொழிலாளரும் குறிச்சி இளைஞரும் ஆடிய ஆட்டங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் குழுப்படங்களிலும், மரப்பெட்டிக்குள் கிடக்கும் சுற்றுப்போட்டித் துண்டுப் பிரசுரங்களிலும், பொலிவிழந்த கிண்ணங்களின் அடியில் பொறித்த எழுத்துகளிலும் மட்டுமே உள்ளன. அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள், படத்திலுள்ளவர்களின் பெயர்களையும் ஆண்டையும் பின்புறத்தில் பென்சிலால் எழுதி, ஒரு படியைத் தம் பாடசாலை நூலகத்திலோ, ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்திடமோ ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றன. அடுத்த இயல் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியது.